துவாக்குடிப் பட்டறைக்கு எந்த இணையதளம்?

துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் வெல்டிங் வெளிச்சமும் கிரைண்டர் சத்தமும்தான் விளம்பரப் பலகை. இங்குள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் பல, 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய திருச்சி பெல் ஆலையை நம்பி வளர்ந்தவை. வாடிக்கையாளர் கூப்பிடு தூரத்தில் இருந்தவரை இணையதளம் யாருக்குத் தேவை? பெல் ஆர்டர் குறைந்து, வெளி மாநில ஆர்டர் தேட வேண்டி வந்ததும் கதை மாறியது. வெளியூர் பர்ச்சேஸ் அதிகாரி பட்டறையை முதலில் பார்ப்பது தன் செல்போனில்தான்.

இணையதளம் செய்து தருகிறவர்களிடம் போனால் இரண்டு வழிகளைச் சொல்வார்கள். தளத்தின் தோற்றத்தைத் தரும் ‘தீம்’ என்பதை முதல் வரியிலிருந்து கோடு எழுதிச் செய்வது ஒன்று. செலவும் நாளும் கூடும். மற்றொன்று, 2003-இல் பிறந்த வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளின் மேல் எலிமென்டர் போன்ற பேஜ் பில்டரைப் போட்டு, மவுஸால் இழுத்து வைத்தே பக்கம் கட்டுவது. சீக்கிரம் முடியும், விலையும் குறைவு.

விலை குறைவு என்பதற்காகத் தலையாட்டிவிட முடியாது. முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பில்டர் கூடவே கொண்டுவரும் கோப்புகள், சிக்னல் மந்தமான இடத்தில் அதைத் தாமதப்படுத்தும். 2011-இல் வந்த டபிள்யூபிபேக்கரி என்ற பில்டரை ஒருநாள் நிறுத்திப் பாருங்கள்: பிளேட் பெண்டிங் மெஷின் படம் இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குறிகளுக்குள் ஏதோ குறியீடுகள் வரிசையாக நிற்கும். பாதுகாப்பும் கவலைதான். 2023 மே மாதம், எலிமென்டருக்கான எசென்ஷியல் ஆட்ஆன்ஸ் என்ற பிளக்இன்னில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அட்மின் பாஸ்வேர்டையே வெளியாள் மாற்றிவிடலாம் என்ற நிலை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது இருந்தது.

அதற்காகக் கோடு எழுதிய தீம் குறையற்றது என்று அர்த்தமில்லை. எழுதிய பையன் பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டால், ஒரு போன் நம்பரை மாற்றக்கூட ஆள் தேட வேண்டும். டிராயிங் இல்லாத ஜாபைத் தொட எந்த ஃபிட்டரும் யோசிப்பார். குறிப்பு எழுதாத கோடும் அப்படித்தான்.

பட்டறைத் தளத்தில் இருப்பதென்ன? இயந்திரப் பட்டியல், ஐபிஆர் (இந்திய கொதிகலன் விதிமுறை) அனுமதி, வெல்டர் சான்றிதழ், முடித்த வேலைகளின் படங்கள், முகவரி. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மாறினால் அதிகம். இதற்குக் கனமான பில்டரும் வேண்டாம், முழுக்கக் கோடும் வேண்டாம். இலகுவான தீம் ஒன்று. அதன்மேல் 2018 டிசம்பரிலிருந்து வேர்ட்பிரஸிலேயே வரும் பிளாக் எடிட்டர். இதுவே போதும். வாராவாரம் சலுகைப் பக்கம் போடும் ஜவுளிக்கடைக்கு பில்டர் பொருந்தலாம். அது வேறு கணக்கு.

எந்த வழியில் போனாலும் டொமைனும் ஹோஸ்டிங்கும் முதலாளி பெயரில் இருக்கட்டும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், அவரே லாகின் செய்து ஒரு படத்தையும் ஒரு போன் நம்பரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். முடியவில்லையென்றால் வேலை இன்னும் முடியவில்லை. பணத்தை நிறுத்தி வையுங்கள்.