அந்தரங்கமும் அரசாட்சியும்

குற்றவாளியைத் தேடிக் காணுதல் அரசின் கடமை. குடிகள் அனைவரையும் முன்கூட்டியே ஐயுற்றுப் பதிவேட்டில் எழுதி வைத்தல் அதன் கடமையன்று. இவ்வேற்றுமையை மறந்தமையாலேயே, இணையத்தில் அந்தரங்கம் பேணும் கருவிகளைப் பற்றிய நம் நாட்டு விதிகள் நெறி பிறழ்ந்தன என்பது எம் கருத்து.

அக்கருவிகளுள் பலரும் அறிந்தது வி.பி.என். எனப்படும் மெய்நிகர் தனிப்பிணையம். நாம் இணையத்தில் எத்தளத்தை நாடினும் நம் இணைப்பின் முகவரி எண் அங்கே தெரியும். நாம் நாடிய தளம் இன்னதென்பதை இணைப்புத் தரும் நிறுவனமும் அறியும். வி.பி.என். நம் செய்தியை மறைகுறியாக்கித் தன் கணினிக்குக் கொண்டுசென்று, தன் எண்ணைக்கொண்டே அப்பால் அனுப்பும். ஓர் உறைக்குள் மற்றோர் உறையிட்டு, நண்பர் ஒருவர் வாயிலாக அஞ்சலிற் சேர்த்தாற்போல்வது அது.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், செர்ட்-இன் எனப்படும் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் ஆணை பிறப்பித்தது. வி.பி.என். நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், அளிக்கப்பட்ட இணைய எண், சேவையை நாடிய நோக்கம் ஆகியவற்றைச் சரிபார்த்துப் பதிந்து, அவர் சேவையை விட்டு நீங்கிய பின்னும் 5 ஆண்டுகள் காத்து வைத்தல் வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. இதற்கு உடன்படாமல் எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்ட் வி.பி.என். ஆகிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் கணினிகளை அகற்றிக்கொண்டன. விளைந்ததென்ன? சூழ்ச்சி வல்லவன் வெளிநாட்டுக் கணினியை நாடுவான். பதிவேட்டில் எஞ்சுவது சூதறியாதவன் பெயரே. அன்றியும், ஓரிடத்தில் திரட்டி வைத்த செய்தி கள்வரை அழைக்கும் பொருளாகும்.

"குற்றமற்றவனுக்கு மறைவு எதற்கு?" என்பார் உளர். தேர்தற் சாவடியில் நாம் மறைவிடத்தே நின்று வாக்களிக்கின்றோம்; அம்மறைவைச் சட்டமே காக்கின்றது. அதுபற்றி வாக்காளரைக் கள்வர் என்பார் யாருமிலர். அச்சமின்றி மனச்சான்றின்வழி நடத்தற்கு மறைவும் வேண்டும் என்பதே அதன் கருத்து. மேலதிகாரியின் ஊழலை வெளியிட விழைவானுக்கும், தன் நோயைப் பற்றி நாணத்தோடு படித்தறிய விரும்புவாளுக்கும் அஃது ஒக்கும்.

"ஒற்றாடல் அரசர்க்குரியதென வள்ளுவரே ஓர் அதிகாரம் வகுத்தாரன்றோ?" என்றும் வினவலாம். வகுத்தார்; யாவர்க்கும் நிகழ்வன அறிதல் வேந்தன் தொழில் என்றும் கூறினார். ஆயினும், ஒற்றர் ஆராயத்தக்கார் இன்னார் என எண்ணுமிடத்து, அரசன் வினைசெய்வாரையே முதற்கண் வைத்தார். அவன் சுற்றத்தாரையும் வேண்டாதாரையும் அடுத்து வைத்தார். மேலும், குடிகள் அஞ்சத்தக்கன செய்யாமையையும் கண்ணோட்டத்தையும் ஓதிய பின்னரே ஒற்றாடலை ஓதினார். இன்றோ முறை மாறியது. குடிகளின் பெயரை வேண்டி ஆணையிட்ட செர்ட்-இன் அமைப்பு, 2023ஆம் ஆண்டு நவம்பரில், ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகள் நீங்கலாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றது. காண்பார் மறைந்திருக்க, காணப்படுவார் மட்டும் வெளிப்பட்டு நிற்றல் செங்கோன்மை ஆகுமோ?

இணையத்தின் வழியே பணம் பறிப்பாரும் சிறாரைக் கெடுப்பாரும் உளர் என்பதை யாம் மறுக்கவில்லை. அவர் ஒறுக்கப்படல் வேண்டும். ஆயின் அதற்கும் அளவுண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதனைக் குறைப்பதற்குச் சட்டமும், தக்க நோக்கமும், அந்நோக்கத்திற்கேற்ற அளவும் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் நெறி. யாவர் பெயரையும் ஐந்தாண்டுகள் சேர்த்து வைத்தல் அவ்வளவில் அடங்காது என்பது எம் துணிபு.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டே. ஐயத்திற்குரியார் இன்னார் எனக் காட்டி, நீதிபதியின் இசைவு பெற்ற பின்னரே ஒருவர் செய்தியை அரசு நாடுக. இன்று அவ்விசைவைத் தருவார் உள்துறைச் செயலரேயன்றி நீதிபதியல்லர். அவ்வாறு நாடியவை எத்துணை என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் உரைக்க.

மாணவ நண்பர்களே! நாளை ஆட்சிப்பணியிலும் நீதிமன்றங்களிலும் அமரப்போகின்றவர் நம்முள் பலர். பிறர் கதவைத் திறக்கும் அதிகாரம் நம் கைக்கு வருமுன், அதனை எப்போது திறத்தலாகாது என்பதைக் கற்றுக்கொள்வோமாக.