379 முறை அமுக்கிப் பிடித்தார்கள்!

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்றொரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியோர், ஆட்டிசம் உடையோர் 24 பேருக்குப் படுக்கை. ஆளுக்கு வாரம் சராசரி 3,500 பவுண்டு! கொடுத்தது மக்கள் வரிப்பணம். அங்கே 2010ஆம் ஆண்டில் மட்டும் நோயாளிகளைப் பலவந்தமாக அமுக்கிப் பிடித்ததாகப் பதிவானது 379 தடவை. நாளொன்றுக்கு ஒன்றுக்கும் மேல்! நர்ஸ் ஒருவர் புகார் கொடுத்தார். மேலிடம் அசையவில்லை, கண்காணிப்பு அதிகாரிகளும் அசையவில்லை. 2011 மே மாதம் பி.பி.சி. ஒளித்து வைத்த காமிராவில் பிடித்துக் காட்டிய பிறகே நாடு திடுக்கிட்டது. 11 ஊழியர் தண்டனை பெற்றனர். அவர்களில் 6 பேர் சிறைக்குப் போயினர்.

அதற்குப் பின் எங்கும் ஒரே பேச்சு: நடத்தை ஆலோசகரை அழையுங்கள்! யார் இவர்? கடிப்பவர், தலையைச் சுவரில் மோதிக்கொள்பவர், கையில் கிடைத்ததை வீசுபவர் — இவர்களருகே நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து பார்ப்பவர். அடி விழுமுன் என்ன நடந்தது, விழுந்தபின் என்ன கிடைத்தது என்று குறிப்பார். பேச வாயில்லாதவனுக்குக் கைதானே வாய்! பல்வலியா? காது குத்தலா? இரைச்சல் பொறுக்கவில்லையா? நாள் முழுதும் சும்மா உட்கார வைத்த சலிப்பா? காரணம் தெரிந்தால் வழி பிறக்கும். பல் வைத்தியரிடம் கூட்டிப் போகலாம். “போதும்” என்று காட்ட ஒரு பட அட்டை கொடுத்துப் பழக்கலாம். 1980களில் ‘சவாலான நடத்தை’ என்ற பெயர் அந்நாட்டில் பரவியபோதே இதைத்தான் சொன்னார்கள்: சவால், அவனைக் காப்பதாகச் சொல்லும் ஏற்பாட்டுக்கு!

நல்ல கலை, மறுப்பாரில்லை. ஆனால் திட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஆலோசகர் மாலையில் வண்டியேறிவிடுகிறார். இரவு ஷிப்டில் அதை நடத்த வேண்டியவன் யார்? குறைந்த கூலிக்காரன், பயிற்சியும் அரைகுறை. அவனும் நிலைப்பதில்லை, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. புது முறையைக் காகிதத்தில் நீட்டிவிட்டு, தறிக்கு ஆள் தராத மானேஜரை நமக்குத் தெரியாதா? அடித்தவனுக்காக நாம் வாதாடவில்லை. அவன் சிறைக்குப் போனது நியாயம். அந்த 3,500 பவுண்டில் கூலியாகப் போனது எவ்வளவு, லாபமாகப் போனது எவ்வளவு என்றுதான் கேட்கிறோம்.

வேண்டாத இடத்தில் அடைபட்டோரையெல்லாம் 2014 ஜூனுக்குள் ஊருக்குள் குடியமர்த்துவோம் என்றது சர்க்கார். ஜூன் வந்தது, போயிற்று. 2019இல் வோர்ல்டன் ஹால் என்னும் இன்னொரு ஆஸ்பத்திரியில் மீண்டும் அதே காமிரா, அதே கொடுமை! அண்மை ஆண்டுகளிலும் ஏறத்தாழ 2,000 பேர் இத்தகைய ஆஸ்பத்திரிகளிலேயே கிடக்கிறார்கள்.

ஆலோசகர் தம் நோட்டில் இன்னும் ஒரு வரியைச் சேர்க்கட்டும்: நேற்றிரவு இந்த வார்டில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குக் கூலி என்ன?