மதகின் திறவுகோல் யார் கையில்?

தொலைவில் வாழும் மக்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்று சேர்த்துவிட்டால் அரசின் கடமை முடிந்ததென வாதிப்போர் உலகெங்கும் உளர். படம் தெரிகிறதா, ஒலி கேட்கிறதா என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். எவருடைய படம், எந்த மொழியில் ஒலி என்று நாம் வினவினால், நன்றி மறந்தவர்கள் என்று நம்மீது சீறுவர். இவர்களுக்கு விடையாகக் கனடாவின் வடகோடியை எடுத்துக்காட்டுவோம்.

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தப்படும் செய்மதிகளால் உலகு முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதிக்காட்டியவர், பின்னர் நம் தீவையே தம் இல்லமாக்கிக்கொண்ட ஆர்தர் சி. கிளார்க். அவ்வழியை உள்நாட்டுத் தொடர்புக்கு முதலிற் கையாண்ட நாடு கனடா. 1972 நவம்பரில் ஏவிய செய்மதிக்கு ‘அனிக்’ என்று பெயர் சூட்டினர். வடக்கே வாழும் இனுயிற் மக்களின் மொழியிற் சகோதரனைக் குறிக்கும் சொல் அது. பெயரை இரவல் வாங்கியவர்கள் அம்மொழிக்கு அச்செய்மதியில் இடங்கொடுத்தார்களா?

இல்லை. 1973 முதல் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிகழ்ச்சிகள் தெற்கிலிருந்து வடக்கே பாய்ந்தன. 1974இல் வகுத்த திட்டமொன்று, 500 பேருக்குக் குறையாத ஊர்களுக்கெல்லாம் ஒளிபரப்பு எட்டவேண்டுமென்றது. வானத்தை நோக்கும் தட்டுக்குப் பணம் இருந்தது. ஊருக்குள் அலைபரப்பும் கருவிக்கும் பணம் இருந்தது. அவ்வூரார் பேசும் இனுக்ரிருற் மொழியில் நிகழ்ச்சி ஆக்குவதற்கு மட்டும் அத்திட்டத்தில் ஒரு சதமும் இருக்கவில்லை. வயலுக்கு நீர் பாய்ச்சும் நம் விவசாயப் பெருமக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாய்க்கால் வரம்புவரை வந்துவிட்டது. மதகின் திறவுகோல் அயலான் மடியில். எந்த நீர், எந்த வேளையில், எவ்வளவு என்பதை அவனே தீர்மானிப்பான். வாய்க்கால் வெட்டித்தந்தானே என்று நாம் கைகூப்பி நிற்க வேண்டுமாம்!

இக்ளூலிக் என்னும் சிற்றூர் கைகூப்பவில்லை. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, ஒரு தீவில் அமைந்த ஊர் அது. தொலைக்காட்சி வேண்டுமா என்று 1975இல் வாக்கெடுத்தனர்; வேண்டாம் என்றனர் மக்கள். 1979இல் மீண்டும் கேட்டனர். மீண்டும் வேண்டாம் என்றனர். பாட்டனுக்கு விளங்காத மொழியிற் பேரப்பிள்ளை நாள்தோறும் வாய்பிளந்து பார்த்திருப்பின் அந்த வீட்டில் என்ன மிஞ்சும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். படித்த நகரத்தார் அப்போது இதைப் பேதைமை என்றிருக்கலாம். நாம் அதை அரசியல் அறிவு என்போம். 1981இல் இனுயிற் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் உரிமம் பெற்றது. 1982இல் தாய்மொழியில் ஒளிபரப்பத் தொடங்கியது. இக்ளூலிக் தன் கதவைத் திறந்தது அதன் பின்னரே, 1983இல். ஆகவே அவர்கள் மறுத்தது கருவியை அன்று; தம் குரலுக்கு இடமில்லாத கருவியை.

அக்கூட்டுத்தாபனத்தின் தலைவியாயிருந்த றோஸ்மேரி குப்ரானா, தெற்கத்திய தொலைக்காட்சியை நியூத்திரன் குண்டுக்கு ஒப்பிட்டார். கட்டடங்களை விட்டுவைத்து மனிதரை மட்டும் மாய்ப்பது அக்குண்டு. மிகைக் கூற்று என்பர் சிலர். சொந்த மொழி பிள்ளைகளின் நாவில் வற்றுவதைக் கண்டிராதவர்க்கு மிகையாகவே தோன்றும்!

உரிமம் கிடைத்தும் தொல்லை தீர்ந்ததா? செய்மதியின் அலைவரிசை தெற்கத்திய கூட்டுத்தாபனத்தின் கையிலிருந்தது. இனுயிற் நிகழ்ச்சிகளுக்கு வாரத்திற் சில மணி நேரமே ஒதுக்கினர். அதுவும் ஊர் உறங்கும் நள்ளிரவை ஒட்டி. வடக்கத்திய மக்கள் தமக்கென்று தனி அலைவரிசை கண்டது 1992இல். முழுநேரமும் இனுயிற் மொழியிலேயே இயங்கும் ‘உவாகுற்’ தொலைக்காட்சி தோன்றியதோ 2021 ஜனவரியில். முதல் அனிக் ஏறியதற்கும் இதற்கும் இடையே 48 ஆண்டுகள். செய்மதியை அவ்வுயரத்துக்கு ஏற்றச் சில நாட்கள் போதுமாயிருந்தன. மொழியை அதில் ஏற்ற அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. தொழில்நுட்பத்தின் மேற் பழிபோடுவோர் இதற்கு என்ன சொல்வர்?

நியாயத்துக்காக ஒன்று சொல்வோம். புயல் அறிவிப்பும் நாட்டுச் செய்தியும் பனிவெளியில் வாழ்வோர்க்கும் வேண்டியவையே. அவற்றை எவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

எஞ்சியிருப்பது ‘சிறுதொகை’ வாதம். 2021 கணக்கெடுப்பின்படி கனடாவில் இனுயிற் மக்கள் ஏறத்தாழ 70,000 பேர். இத்துணைச் சிலருக்குத் தனி நிகழ்ச்சிகளா, வீண்செலவன்றோ என்கின்றனர். அதே சிலருக்காகத்தானே பனிவெளியெங்கும் தட்டுகளை நாட்டினீர்கள்? தெற்கின் நிகழ்ச்சியை இறக்குமதி செய்யும்போது கண்ணிற்படாத சிறுதொகை, அவர்கள் வாய்திறக்க முனையும்போது மட்டும் கண்ணை உறுத்துவதேன்? இந்தச் ‘சிலர்’ ஆற்றியதையும் பாருங்கள். இக்ளூலிக்கைச் சேர்ந்த சக்கரையாஸ் குனுக் என்பவர் 1981இல் தாம் செதுக்கிய சிற்பங்களை மொன்றியலில் விற்று, அப்பணத்தில் ஒளிப்பதிவுக் கருவி வாங்கினார். இனுயிற் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திற் பணியாற்றினார். தோழர்களுடன் 1990இல் ‘இசுமா’ நிறுவனத்தை அமைத்தார். முற்றிலும் இனுக்ரிருற் மொழியில் அவர் ஆக்கிய ‘அற்றனார்யுவற்’ திரைப்படம் 2001இல் கான் விழாவில், முதற்படம் ஆக்கிய இயக்குநருக்குரிய பரிசை வென்றது. தொலைக்காட்சியை இருமுறை வாசலில் நிறுத்திவைத்த அதே ஊரின் மகன் அவர். வீண்செலவு எது என்பதை இனி அவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.