பம்ப் அடித்தால் பல் போகுமாம்

இன்ஹேலர் அடித்தால் பல் கரைந்துவிடும் என்கிற வசனத்தை ஆரணியில் பல வருஷமாகக் கேட்டுச் சலித்துவிட்டது. கொசப்பாளையத்தில் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவரும் சொல்கிறார், கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துச் சூரணம் விற்க வருகிறவரும் சொல்கிறார். முன்னவருக்குப் பயம். பின்னவருக்கு விற்றாக வேண்டிய டப்பாக்கள்.

மருந்து அமிலம், எனாமலை அரித்துவிடும் என்பது முதல் குற்றச்சாட்டு. வாயில் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும், உண்மைதான். சில பவுடர் இன்ஹேலர்கள் அந்த எல்லைக்குக் கீழே போவதும் உண்டு. ஆனால் கோலாவின் பி.எச். 2.5 பக்கம். இந்தக் கணக்கில் ஒரு புள்ளி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறும். மூன்று புள்ளிக்கு ஆயிரம் மடங்கு. மண்டப வாசலில் விற்கிற கோலாவைப் பற்றி மைக்காரர் வாய் திறந்ததில்லை.

அடுத்து, பவுடர் இன்ஹேலரில் போடும் ரோட்டாகேப் கேப்ஸ்யூலில் சர்க்கரை இருக்கிறதாம். இருக்கிறது, பாலில் உள்ள அதே லாக்டோஸ். ஒரு கேப்ஸ்யூலில் சுமார் 25 மில்லிகிராம். அரை டம்ளர் பாலில் உள்ள லாக்டோஸ் சேர வேண்டுமென்றால் ஏறக்குறைய 200 கேப்ஸ்யூல் இழுக்க வேண்டும். கேஸ் பம்ப்பில் அதுவும் கிடையாது. பிள்ளை தூங்கப்போகும் நேரத்தில் ஊற்றுகிற இனிப்பு இருமல் சிரப் மட்டும் பல்லுக்கு நல்லதாக்கும்!

எச்சில் குறையும் என்கிறார் மைக்காரர். குறையும், தண்ணீர் குடிக்கலாம். அடிமையாகிவிடுவோம் என்பதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

இனி அவருடைய பெரிய யோசனைக்கு வருவோம்: பம்ப்பை விடு, வீசிங் வந்தால் மாத்திரை போடு. சால்பியூட்டமால் பம்ப் ஒரு தடவை அடித்தால் 100 மைக்ரோகிராம், அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்கு. அதே மருந்து மாத்திரையாக வந்தால் 4 மில்லிகிராம், நாற்பது தடவை அடித்த அளவு. வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வரும். வருவதற்கும் நேரமாகும். போகிற வழியில் நெஞ்சைப் படபடக்கவைக்கும், கையை நடுங்கவைக்கும். வேறு ஊரில் கை நடுங்கினால் காப்பி சிந்தும், அவ்வளவுதான். ஆரணியில் அந்தக் கைதான் பாவில் அறுந்த பட்டு இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். முந்தானையில் ஜரிகை ஓடும்போது விரல் தடுமாறினால் குற்றம் புடவையில் தெரியும், கூலியில் பிடிப்பார்கள். பல்லைக் காப்பாற்றப் போய்க் கையைக் கொடுத்துவிட்டு வரச் சொல்கிற வைத்தியம் இது.

ஸ்டீராய்டு பம்ப்பில் வாய்க்குள் வெள்ளை படரும் என்றும் பயமுறுத்துகிறார். அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பு, ஸ்பேசர் குழாய் வைத்து அடி என்று சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் தீர்கிற தொல்லை. அதைச் சொன்னால் டப்பா எப்படி விற்கும்? மூலிகை என்று விற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரியவந்த கதை இந்தியாவுக்குப் புதிதல்ல. அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாமி படம் இருந்தது, விலை இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.