எந்த ஆத்தூர்?

தமிழ்நாட்டில் ஆத்தூர் ஒன்றல்ல. சேலம் மாவட்டத்தில் ஒன்று, திண்டுக்கல்லில் ஒன்று, தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் கொடிக்கால்களுக்கு நடுவே ஒன்று. 2023இல் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கியது இந்தக் கடைசி ஊர். மழை எச்சரிக்கை அட்டவணையைக் கண்ணால் பார்ப்பவருக்கு எந்த ஆத்தூர் என்ற கேள்வியே எழாது. இடப்பக்கக் கட்டத்தில் மாவட்டத்தின் பெயர் இருக்கிறது. ஸ்க்ரீன் ரீடரில் கேட்பவர் கதை வேறு. மாவட்டக் கட்டத்துக்கும் ஊர்ப்பெயர்க் கட்டத்துக்கும் உள்ள தொடர்பை நிரலில் எழுதாமல் விட்டால், அவர் காதில் விழுவது "ஆத்தூர்" மட்டும்தான். எச்சரிக்கையை வெறும் சிவப்பு நிறத்தால் காட்டியிருந்தால் அதுவும் விழாது.

இதைச் சின்ன விஷயம் என்று தூத்துக்குடிக்காரர்களிடம் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. ஏரலும் ஆத்தூரும் வெள்ளக்காடாயின. இப்படிப்பட்ட இரவுகளில் வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்பு பெரும்பாலும் ஒரு படம். படத்துக்குள் இருக்கும் எழுத்து பார்வையற்றவருக்கு இல்லாத எழுத்து.

அணுகல் தணிக்கை செய்யும் நம் துறையின் பழக்கம் என்ன? தளத்தைத் தானியங்கிக் கருவியில் ஓட்டுகிறோம், வரும் மதிப்பெண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுகிறோம். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெப்எய்ம் அமைப்பு 2025இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது, கருவியே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் 94.8 விழுக்காட்டில் இருந்தன. அந்தக் களையையாவது எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழ்ப் பக்கத்தில் கருவி கோட்டைவிடுவது எங்கே என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

பக்கத்தின் மொழி எது என்று நிரலில் குறித்திருக்கிறதா என்று கருவி பார்க்கும். குறித்த மொழி சரிதானா என்று பெரும்பாலும் பார்க்காது. முழுக்கத் தமிழில் உள்ள பக்கம் தன்னை ஆங்கிலம் என்று அறிவித்துக்கொண்டால், கருவி தேர்ச்சி கொடுத்துவிடும். ஸ்க்ரீன் ரீடரோ ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழ் எழுத்துகளில் தடுமாறும். பொத்தானில் கண்ணுக்குத் தெரிவது "சமர்ப்பி", நிரலில் ஒளிந்திருப்பது "சப்மிட்". பல கருவிகளில் இதுவும் தேர்ச்சிதான். இன்னும் மோசம் பழைய எழுத்துருக்கள். பாமினியில் தட்டச்சு செய்த ஆவணத்தில் "தமிழ்" என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரையில் அழகான தமிழ், காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய கோப்புகள் மட்டுமல்ல, பிந்தையவையும் இன்னும் இப்படிப் புழக்கத்தில் இருக்கின்றன. உருப்பெருக்கி, நிற வேறுபாடு என்று அத்தனை சோதனையிலும் இவை தப்பிவிடும். காதால் கேட்டால் முதல் வரியிலேயே பிடிபடும்.

சட்டம் இப்போது நம் பக்கம். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக விட்டிருந்த 2017 விதிகளின் 15(1)ஆம் விதி 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கே முரணானது என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசுன் வழக்கில், கண் சிமிட்டினால்தான் உயிருள்ளவர் என்று நம்பும் கேஒய்சி முறையைக் கண்டித்து 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அவற்றுள் ஒன்று, சான்று பெற்ற வல்லுநர்களைக் கொண்டு அவ்வப்போது அணுகல் தணிக்கை செய்யவேண்டும் என்கிறது. இந்தப் பாதியை நம்மவர்கள் நன்றாகவே படித்துவிட்டார்கள், விலைப்பட்டியல்கள் தயார். அதே உத்தரவு, செயலியையும் தளத்தையும் வடிவமைக்கும்போதே பார்வையற்றவர்களைப் பயனர் சோதனையில் சேர்க்கவேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பாதி விலைப்பட்டியலில் கண்ணில் படுவதில்லை. படும் இடங்களிலும் அது "தன்னார்வலர்" என்ற தலைப்பில், கூலி இல்லாத வேலையாக இருக்கிறது.

சோதனையை முகப்புப் பக்கத்தோடு முடிப்பதும் வேண்டாம். கொடிக்கால் விவசாயி ஒருவர் சிட்டா எடுக்க வருகிறார் என்று வையுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண், ஓடிபி என்று போய், கடைசியில் பிடிஎஃப் கையில் கிடைத்து, அதில் தன் பெயரைக் காதால் கேட்கும்வரை தணிக்கை முடியவில்லை. இதை விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், டாக்பேக் ஸ்க்ரீன் ரீடரின் தமிழ்க் குரலில் செய்து பாருங்கள். உயர்ரக மடிக்கணினியில் ஆங்கிலப் பதிப்பைச் சோதித்துவிட்டு, தமிழ்ப் பதிப்பும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதுவது தணிக்கை ஆகாது, ஊகம்.

ஆகவே இந்த இதழுக்கு வரும் தணிக்கை அறிக்கைகளுக்கு இனி ஒரு நிபந்தனை. எந்த வேலையை, எந்த மொழிப் பதிப்பில், எந்தக் குரலில், எந்தச் சாதனத்தில் சோதித்தீர்கள் என்பதும், சோதித்தவர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், அவர்களுக்கு ஊதியம் தரப்பட்டதா என்பதும் முதல் பக்கத்தில் இருக்கவேண்டும். மதிப்பெண்ணைப் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.