பால்பேணியும் பின்விளக்கும்

சென்ற மாதம் அமாவாசையை அடுத்த ஒரு மாலைப் பொழுதில், தள்ளாடியைக் கடந்து, மன்னார்த் தீவை நோக்கித் தாம்போதி வழியே எங்கள் பழைய மோட்டார்க் காரைச் செலுத்திக்கொண்டு வந்தேன். இருபுறமும் கடல்; இருள் இறங்கி அரைமணி நேரம் ஆகியிருக்கும். பின்னிருக்கையில் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். திடீரெனப் பின்னால் ஒரு லொறி கிறீச்சிட்டு நின்றது. நானும் நிறுத்தினேன். சாரதி இறங்கி வந்து, "ஐயா, உங்கட காருக்குப் பின்னாலை ஒரு சொட்டு வெளிச்சமும் இல்லை. கழுதை நிக்குதெண்டு நினைச்சுத்தான் பிறேக் அடிச்சனான்" என்றார்.

மன்னாரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. எங்கள் தீவின் தெருக்களிலே இரவில் கழுதைகள் நிற்பதும் படுப்பதும் அன்றாடக் காட்சி. அன்று நான் கழுதையாகத் தோன்றியமையாலேயே உயிர் தப்பினேன் என்று கொள்க. அந்த நல்ல மனிதர் தம் லொறியை எமக்குப் பின்னாலேயே மெதுவாகச் செலுத்தி, பட்டினம் வரை காவலாக வந்தார்.

மறுநாட் காலையில் விளக்குகளைக் கழற்றினேன். வலப்புற விளக்கிலே மின்குமிழ் எரிந்துபோயிருந்தது. அதை மாற்றவேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன், குற்றம் என்னுடையதே. இடப்புற விளக்கிலே குமிழ் நலமாக இருந்தது. அதைத் தாங்கும் ஹோல்டர்தான் விரல் பட்டதும் செதிள் செதிளாக உதிர்ந்தது. உதிர்ந்த தகட்டை ஒளியில் திருப்பிப் பார்த்தேன். அது தொழிற்சாலையிற் செய்த ஹோல்டர் அன்று; பால்பேணித் தகரத்தை வெட்டிச் சுருட்டிச் செய்தது. உள்வளைவிலே பேணியின் வரித்தழும்புகள் இன்னும் தெரிந்தன.

இந்தக் கார் ஒஸ்ரின் ஏ40 சொமர்செற். பேர்மிங்காம் நகரத்தையடுத்த லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட இனம். யாழ்ப்பாணத்திலே என் பெரியப்பா இதனை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காத்தார். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபுலத்துக்கு எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் தடை செய்யப்பட்டன. கார்கள் நிற்கவில்லை. ஒரு சிறு போத்தலிலுள்ள பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டி இயந்திரத்தை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கெட்டுப்போன பாகத்துக்குப் பதிற்பாகம் என்பது கடையில் இல்லை. அவரவர் கையில்தான் இருந்தது. அந்த நாட்களிற் பெரியப்பா உருட்டிய தகரக் குழல்தான் என் உள்ளங்கையில் உதிர்ந்து கிடந்தது.

வேடிக்கையான ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயர் என்பவர், அக்கார்களுக்கான பாகங்களை இலங்கையின் தென்பகுதியிலேயே செய்வித்துக் கப்பலேற்றினார். ஒரே தீவின் தெற்கிலிருந்து பழங்கார்ப் பாகம் பிரித்தானியாவுக்குப் போயிற்று. வடக்கிலே நாம் பால்பேணியை வெட்டிக்கொண்டிருந்தோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எனக்குப் பதினான்கு வயது. மழை. நாவற்குழிப் பாதையிலே தோளோடு தோள் நெருங்கிய சனக்கூட்டம். பாட்டியும் சட்டி பானைகளும் காரினுள்ளே. நாங்கள் பின்னே நடந்தோம். "அந்தச் சிவப்பு லைற்றை விடாமல் பார்த்துக்கொண்டு வாங்கோ" என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பின்விளக்கின் பயன் யாது என்று என் மாணவர்கள் கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

இனி விடயத்துக்கு வருவோம். ஹோல்டர் என்பது மிக எளிய பொருள். ஒரு குறுங்குழல், அதன் இரு பக்கங்களிலும் கொக்கி வடிவான வெட்டுகள், உள்ளே சுருள்வில்லின் மேல் ஒரு காப்பு வட்டு, வட்டிலே மின்சாரம் வந்து சேரும் முனைகள். குமிழை அழுத்தித் திருப்பினால் அதன் அடியிலுள்ள இரு முளைகளும் வெட்டுகளில் மாட்டிக்கொள்ளும். நம் வீடுகளிலுள்ள பின் மாதிரிக் குமிழும் இதே குலந்தான்; வீட்டுக் குமிழின் அடி 22 மில்லிமீற்றர், கார்க் குமிழினது 15 மில்லிமீற்றர்.

பின்விளக்கிலே இன்னொரு நுட்பம் உண்டு. ஒரே குமிழில் இரண்டு இழைகள்: இரவு முழுவதும் எரிவதற்கு 5 வாற்று, பிறேக்கை மிதிக்கும்போது எரிவதற்கு 21 வாற்று. குமிழைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இழைகள் இடம் மாறிவிடும். பின்னால் வருபவரின் கண்ணை ஓயாது கூசவைக்கும், பிறேக் பிடிப்பதோ அவருக்குத் தெரியாது. அதனாலேயே இக்குமிழின் முளைகளை ஒரே மட்டத்தில் வைக்காமல் ஒன்றை 3 மில்லிமீற்றர் உயர்த்தி அமைத்தார்கள். ஒரு வழியாகத்தான் அது உள்ளே போகும். புதிய ஹோல்டர் செய்பவர் இந்த மூன்று மில்லிமீற்றரை மறந்தால் செய்த வேலை முழுவதும் வீண்.

பட்டினத்துக் கடையில் மோட்டார்ச் சைக்கிளின் பின்விளக்கு ஒன்றைக் காட்டி, "இதற்குள் இருக்கிற ஹோல்டரை வெட்டி எடுங்கோ, மாஸ்டர், குமிழ் அதேதான்" என்றார்கள். நல்ல யோசனையே, கண்டியிலோ பதுளையிலோ வாழ்ந்தால் அதையே செய்திருப்பேன். ஆனால் அக்குழல் முலாம் பூசிய மெல்லிய இரும்பு. சோளகக் காற்று உப்பையும் மணலையும் ஒன்றாக அள்ளி வீசும் இந்தத் தீவிலே அதன் ஆயுளை நான் நம்பவில்லை. பித்தளைதான் வேண்டும். இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம், அது வரும்வரை இரவில் வெளியே போகாமல் இருக்க வேண்டும்.

எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஒரு கடைச்சற்காரரிடம் போனேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய தந்தையின் பட்டறை ஆயுதங்கள் அனைத்தும் இங்கேயே போயின. புத்தளத்தில் இருபது ஆண்டுகள் கூலிக்குக் கடைந்து, போர் முடிந்தபின் திரும்பிவந்து, புதிதாகப் பட்டறை வைத்திருக்கிறார். உதிர்ந்த தகரத்தை அவர் முன் வைத்து, "நானா, இதுபோல ஒன்று பித்தளையில் வேண்டும்" என்றேன். அவர் அதனை நெடுநேரம் பார்த்தார். "செஞ்சவரு கெட்டிக்காரரு, சேர். வெட்டு ரெண்டையும் மட்டம் மாத்தித்தான் வெச்சிருக்காரு. இத எறிஞ்சு போடாதீங்க" என்றார். அளவு எடுப்பதற்கு அவருக்கு வேறு மாதிரி தேவைப்படவில்லை.

பழைய தண்ணீர்க்குழாய் மூட்டொன்றின் பித்தளையைக் குடைந்து, குமிழின் அடி தளர்வின்றி இறங்கும் அளவுக்கு உள்விட்டத்தைக் கடைந்தார். கொக்கி வெட்டுகளை அரத்தால் ஒவ்வொரு தடவையும் குமிழை மாட்டிப் பார்த்துப் பார்த்தே அராவினார். காப்பு வட்டுக்குப் பழைய மின்பலகையொன்றின் பேக்லைற் துண்டு. அது சுழலாதிருக்க விளிம்பில் ஒரு நாக்கு. முனைகளுக்குச் சிறு பித்தளைக் குமிழிகள். கம்பிகளை ஈயம் பற்றவைத்தது நான். சுருள்வில்லுக்கு டோர்ச் லைற்றைத் தேடினோம். ஒரு காலைப்பொழுதில் இரண்டு ஹோல்டர்கள் முடிந்தன.

குழலை விளக்கின் அடித்தட்டிற் பொருத்தியதோடு நிறுத்தக்கூடாது. பழைய கார்களில் மின்சாரம் ஒரு கம்பியால் விளக்குக்கு வந்து, திரும்பிப் போவது காரின் உடல் வழியாகவே. அந்த உடலும் விளக்கும் தொடும் இடத்திலே துரு ஏறினால் வெளிச்சம் மங்கும். சிலவேளை பிறேக்கை மிதித்தால் வேறு விளக்கு மினுங்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: 12 வோல்ற்றில் 21 வாற்றுக் குமிழ் 1.75 அம்பியர் இழுக்கும். அதன் தடை ஏறத்தாழ 7 ஓம். துரு ஒரே ஓம் தடையைச் சேர்த்தால் குமிழுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 10.5 வோல்ற்று. குறைந்தது எட்டில் ஒரு பங்கு வோல்ற்றுத்தான். வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இழையின் ஒளி அவ்வளவு விரைவாக வோல்ற்றோடு சேர்ந்து வீழும். ஆதலால் பித்தளைக் குழலிலிருந்தே தனிக்கம்பியொன்றை இழுத்து, சுரண்டித் துலக்கிய சட்ட ஆணியொன்றில் முறுக்கினேன். மேலே வசிலீன் பூசினேன். இந்த ஒரு முழக் கம்பிக்காகவே புதிய விளக்கு வாங்கியவர்களை நான் அறிவேன்.

எல்.ஈ.டி. குமிழ் போட விரும்பும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1950களின் பிரித்தானியக் கார்களிலே பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இக்காலக் கார்களில் எதிர்முனை. இக்காலக் காருக்கென்று செய்த எல்.ஈ.டி. குமிழ் பழைய காரில் எரியாமலே இருந்துவிடும். இழைக் குமிழுக்கு அந்த வேற்றுமை இல்லை.

அன்றிரவு காரை முற்றத்திலே நிறுத்தி, மகளைப் பின்னே நிற்கச் சொல்லிப் பிறேக்கை மிதித்தேன். "அப்பா, இடப்பக்கம் நல்லா எரியுது. வலப்பக்கம் கொஞ்சம் மங்கல்" என்றாள். வலப்புறத்துக்கும் தனிக்கம்பி இழுக்க வேண்டும் என்பதை மறந்திருந்தேன். டோர்ச்சை அவள் பிடிக்க, அதையும் இழுத்து முடித்தோம். பெரியப்பாவின் தகரத் துண்டுகளை ஒரு தீப்பெட்டியிலிட்டுக் கல்லூரி ஆய்வுகூட அலுமாரியில் வைத்திருக்கிறேன். கொக்கி வெட்டுகளின் உயர வேற்றுமையை அளந்துபார்த்த மாணவன் ஒருவன் சொன்னான்: சரியாக மூன்று மில்லிமீற்றர்.