நாற்பது பாக்கெட் விதையும் ஒரு குண்டு மிளகாயும்

மொட்டைமாடியில் தோட்டம் போடுகிறவர்களிடம் இப்போது ஒரு ஆசை பிடித்து ஆட்டுகிறது. அபூர்வ விதை சேர்ப்பது. எங்கள் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் மாடியில் பச்சைப் பைகள் வரிசையாக நிற்கும். போய்ப் பார்த்தால் மூக்குத்தி அவரை, சிறகவரை, ஆனைக்கொம்பன் வெண்டை, கறுப்புத் தக்காளி, ஊதா கேரட் என்று ஒரு கண்காட்சியே நடக்கும். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் பிஸ்கட் டின் நிறைய விதைப் பாக்கெட். எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றையும் ஒரு தடவை போடுவார், முதல் காய் வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் விடுவார், அத்தோடு சரி. "போன வருஷம் சிறகவரை போட்டீங்களே சார், அந்த விதை கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டேன். "அது தீந்துபோச்சு சார், திரும்ப ஆர்டர் பண்ணணும்" என்றார்.

பொழுதுபோக்காகச் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இதற்குப் 'பாரம்பரிய விதைப் பாதுகாப்பு' என்று பெயர் வைக்கும்போதுதான் எனக்கு இடிக்கிறது. வாங்கினோம், விதைத்தோம், தின்றோம், முடிந்தது என்றால் பாதுகாத்தது எதை? நாற்பது வேண்டாம், ஒன்றே ஒன்று போதும் என்பது என் கட்சி. உங்கள் ஊர்க் காய் ஒன்று, உங்கள் வீட்டில் யாராவது ஆசைப்பட்டுச் சாப்பிடுகிற காய், வருஷா வருஷம் விதை எடுத்து அடுத்த வருஷம் போடுங்கள். ஐந்து வருஷம் விடாமல் அதைச் செய்தவரை நான் கும்பிடத் தயார்.

கறுப்புத் தக்காளி விற்கிற கடைக்காரர்கள் 'ஏர்லூம்' என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள் அல்லவா, அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்களின் கதைதான். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் டயான் ஆட் வீலி என்ற பெண்மணிக்கு அவருடைய தாத்தா இரண்டு விதைகளைக் கொடுத்தார். ஒன்று ஊதாப் பூ பூக்கும் கொடி. இன்னொன்று 'ஜெர்மன் பிங்க்' என்கிற தக்காளி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் குடும்பம் பவேரியாவிலிருந்து கப்பலேறியபோது மூட்டையோடு வந்த தக்காளி அது. தாத்தா போனபின் இந்த விதைக்கு நாம்தான் ஆள் என்று அந்த அம்மாவுக்கு உறைத்திருக்கிறது. அவரும் அவர் கணவர் கென்ட் வீலியும் 1975இல், இதுமாதிரி வீட்டு விதை வைத்திருப்பவர்களைக் கடிதம் மூலம் சேர்த்துத் தொடங்கியதுதான் இன்றைய 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்'. ஆக ஏர்லூம் என்பது நிறத்தைப் பற்றிய சமாசாரமே இல்லை. யாரோ ஒரு தாத்தா யாரோ ஒரு பேத்திக்குக் கொடுத்தது. அதை நான் பத்து விதைக்கு ஒரு சினிமா டிக்கெட் காசு கொடுத்து வாங்கினால் அது அவர்கள் வீட்டுச் சொத்து. என் அப்பத்தாவின் சொத்து பரமக்குடிப் பக்கம் பரணில் கிடக்கிறது.

அதற்காக 'நாட்டு விதை' என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்தவும் வேண்டாம். தக்காளியும் மிளகாயும் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர் காலத்துக்குப் பிறகு வந்தவை. பல வீடுகளில் திவசச் சமையலில் இன்றும் இவை இரண்டுக்கும் இடமில்லை, காரத்துக்கு மிளகுதான். நாம் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று பெயர் வைத்திருக்கும் சௌசௌ மெக்சிகோச் சரக்கு. கன்னடக்காரர்களே அதைச் 'சீமெ பதனெக்காயி', அதாவது சீமைக் கத்தரிக்காய் என்கிறார்கள். பிறந்த இடம் எதுவாக இருந்தால் என்ன? நம்மிடம் வந்தபின் எத்தனை தலைமுறையாக விதை எடுத்துப் போட்டோம் என்பதுதான் கணக்கு.

இங்கே கொஞ்சம் கணக்கு வழக்கு பேச வேண்டியிருக்கிறது (காமர்ஸ் படித்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள் :-) ). கடையில் விற்கிற ஹைப்ரிட் விதை இரண்டு வேறு வேறு பெற்றோரைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை. காய்ப்பு பிரமாதமாக இருக்கும். அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி வரும். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று காய்க்கவே காய்க்காது. ஆகவே ஒவ்வொரு வருஷமும் பணம் கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி. ஒரே ரகமாகப் பல தலைமுறை வந்த விதை டெபாசிட் மாதிரி. ஒரு கத்தரிக்காயைப் பழுக்க விட்டால் நூற்றுக்கணக்கில் விதை. தெருவுக்கே கொடுக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் காய்கறி ஹைப்ரிட் வியாபாரம் வேர்விட்டது இதே பெங்களூரில்தான். மன்மோகன் அத்தாவர் 1965இல் இங்கே தொடங்கிய இண்டோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ், 1973இல் 'கர்நாடகா' என்ற தக்காளியையும் 'பாரத்' என்ற குடைமிளகாயையும் வெளியிட்டது. அவர்களை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஏக்கர் கணக்கில் கடன் வாங்கிப் பயிர் செய்கிறவருக்கு மகசூல்தான் பிழைப்பு. கடன் கொடுக்கிற மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது நன்றாகவே தெரியும். நம் மாடியில் ஆறு பை வைத்திருக்கிறோம், மகசூல் குறைந்தால் யாரும் ஜப்திக்கு வரப்போவதில்லை. விவசாயியால் எடுக்க முடியாத ரிஸ்க்கை நாம் எடுக்கலாம், மாடித் தோட்டத்துக்கு அந்த வசதி உண்டு. அதை வைத்துக்கொண்டு நாமும் அதே ஹைப்ரிட் பாக்கெட்டை வாங்குவானேன்? (ஹெசரகட்டாவில் இருக்கும் ஐ.ஐ.எச்.ஆர். வெளியிட்ட 'அர்க்கா அனாமிகா' வெண்டை போன்றவை பாரம்பரிய ரகம் இல்லை, ஆனால் ஹைப்ரிட்டும் இல்லை, தாராளமாக விதை எடுக்கலாம். 'அர்க்கா ரக்ஷக்' தக்காளி ஹைப்ரிட், அதில் எடுக்க முடியாது. 'அர்க்கா' என்று பார்த்தவுடன் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.)

சரி, எந்த விதையைத் தேர்ந்தெடுப்பது? விதை லிஸ்ட்டைப் பார்க்காதீர்கள், சாப்பாட்டைப் பாருங்கள். பெங்களூரில் எல்லாம் கிடைத்தும் எது மட்டும் 'ஊர் மாதிரி இல்லை' என்று வீட்டில் சொல்கிறார்கள்? எங்கள் வீட்டில் அது வற்றல் குழம்பு. ராமநாதபுரம் குண்டு மிளகாய், முண்டு என்றும் சொல்வார்கள், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி வட்டாரத்தில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பது. அது இல்லாமல் நீட்டு மிளகாயைப் போட்டுச் செய்தால் காரம் இருக்கும், குழம்பு இருக்காது. ஊரில் இருக்கும் அயித்தைக்குப் போன் போட்டேன்.

"ஏன் மருமகனே, அம்புட்டுப் பெரிய ஊர்ல மொளகாயா கெடைக்கல?"

"கெடைக்குது அயித்தை, நம்ம குண்டு மொளகா இல்ல."

"அது கரிசக்காட்டுக்கும் மேமழைக்கும் வர்றது. அங்கன குளுந்த மண்ணுல வருமா?"

"வராட்டிப் போகுது. வெத மட்டும் குடுத்து விடுங்க."

வந்தது விதை இல்லை, ஒரு மஞ்சள் பையில் முழு வற்றல். விதையைத் தனியாக எடுத்து வைக்கக் கூடாதாம். நல்ல உருண்டையாக, காம்போடு இருக்கிற பழமாகப் பார்த்துக் காயவைத்து அப்படியே மூடி வைத்து, விதைக்கிற அன்றைக்குத்தான் உடைக்க வேண்டுமாம். எந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்திலும் நான் இதைப் படித்ததில்லை.

முதல் வருஷம் ஆறு செடியில் மூன்று இலைச்சுருட்டு வந்து போய்விட்டது. மூன்று பிழைத்துக் காய்த்தன, ஊர்க் காய்ப்பில் பாதிகூட இல்லை. ஆனால் நாங்கள் விதைக்கு விட்டது அந்த மூன்றிலிருந்துதான், அதாவது இந்தத் தொள்ளாயிரம் மீட்டர் உயரத்துக் குளிரையும் இந்தப் பூச்சியையும் தாங்கியவற்றிலிருந்து. அடுத்த தடவை எட்டுக்கு ஆறு நின்றது. பாக்கெட் வாங்கிக்கொண்டே இருந்தால் இந்த வேலை நடக்காது.

விதை எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்துகொள்ளும், பயறு வகைகளில் பலவும் அப்படித்தான். தொடங்குகிறவர்களுக்கு இவைதான் சுலபம். கத்தரி, வெண்டை, மிளகாய் மூன்றும் ரெண்டுங்கெட்டான். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் தேனீ கலந்துவிடும். குடைமிளகாய்க்குப் பக்கத்தில் குண்டு மிளகாய் வைத்து விதை எடுத்தால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. பூக்கும் முன் ஒரு கிளைக்குக் கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டிவிடுங்கள். சின்னப் பழமாகப் பிடித்தபின் பையை எடுத்து, காம்பில் ஒரு சிவப்பு நூல். அந்த நூல் கட்டிய காயில் வீட்டில் யாரும் கைவைக்கக் கூடாது, இதை அமல்படுத்துவதுதான் பெரும்பாடு.

பீர்க்கு, சுரை, பூசணி, பாகல் இவையெல்லாம் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. நாமே சேர்த்துவைத்துப் பெண்பூவைக் கட்டிவிட வேண்டும். பூசணியும் பாகலும் காலையில் பூக்கும், சுரையும் பீர்க்கும் சாயங்காலம். ஆபீஸ் போகிறவர்களுக்குச் சாயங்காலக் கட்சிதான் தோது. ஒரே எச்சரிக்கை. சுரைக்காய் சமைக்கும்முன் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயையும் விதையையும் சேர்த்துத் தூக்கிப் போடுங்கள். கசப்புச் சுரைச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது.

ஊர் விதை கிடைக்காதவர்கள் இந்த ஊர்க்காரர்களிடமே கேட்கலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மார்கழி, தையில் பெங்களூர் முழுக்க அவரைக்காய் மணக்கும். பசவனகுடி, வி.வி.புரம் பக்கம் மேளாவே நடக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் பிதுக்கம் பருப்பு என்று செய்வதும் இவர்கள் 'ஹிதகித பேளெ' என்பதும் ஒன்றுதான். பழைய நாட்டு அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். சித்திரையில் ஊன்றிவிட்டுக் கொடி மட்டும் ஓடுகிறதே என்று புலம்பக் கூடாது. ஹெப்பாளில் இருக்கும் விவசாயப் பல்கலைக்கழகத்தின் 'ஹெப்பாள் அவரை' ரகங்களில் இந்தப் பகல் கணக்கு இல்லாதவை உண்டு, வருஷம் முழுக்கக் காய்க்கும். வாசம் வேண்டுமென்றால் பழையதுதான் என்று எங்கள் தெருவில் காய்வண்டி தள்ளும் அம்மா அடித்துச் சொல்கிறார். 2001இலிருந்து பெங்களூரில் இயங்கும் 'சகஜ சம்ருத்தா' அமைப்பினர் விதைத் திருவிழா நடத்துகிறார்கள். போனால் வாங்கிவிட்டு மட்டும் வராதீர்கள். எந்த ஊர் விதை, எப்போது போடுவது, எப்படி எடுத்து வைப்பது என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சில காய்கள் வரவே வராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கரிசல் பக்கத்து அதலைக்காய் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மழைக்குத் தானாக முளைப்பது. வட கர்நாடகத்தில் அதையே கர்ச்சிக்காய் என்று கொண்டாடுகிறார்கள். மாடிப் பையில் அதைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எனக்கு உண்மையான பயம் வேறு. டெல்லியில் தேசிய மரபணு வங்கியில் நாலு லட்சத்துக்கு மேல் விதை மாதிரிகள் உறைகுளிரில் இருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் நம் வீட்டு விதை அதில் இருக்கும் என்று என்ன நிச்சயம்? அது பரணில் பீர்க்கங்கூடாகத் தொங்குகிறது, சாம்பலில் புரட்டிய கத்தரி விதையாகச் சட்டியில் இருக்கிறது, சாணி வறட்டியில் பதித்துச் சுவரில் தட்டிய பூசணி விதையாக இருக்கிறது. அதை வைத்திருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயது. அவர்கள் பிள்ளைகள் நாம், பெங்களூரிலும் துபாயிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறோம். வீட்டை விற்கும்போது பத்திரத்தைத் தேடுகிறோம், நகையைப் பிரிக்கிறோம், பரணில் கிடப்பதைக் குப்பை என்று ஆள் வைத்து அள்ளிப் போடுகிறோம். விதையோ வருஷம் போனால் முளைப்பும் போய்விடும். வெங்காய விதை ஒரு வருஷம் தாண்டினால் சந்தேகம். வெண்டை இரண்டு வருஷம், தக்காளி, கத்தரி நாலு வருஷம் தாக்குப்பிடிக்கலாம். 'ரிட்டயர் ஆனபிறகு பார்த்துக்கலாம்' என்பது இதில் செல்லாது.

வாடகை வீடு, மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்பர், இதில் தோட்டமாவது என்று என் சக ஊழியர்கள் சொல்வார்கள். பையும் மண்ணும் போகட்டும், வீட்டுக்காரருக்கே விட்டுவிடலாம். விதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடங்கிவிடும். நன்றாகக் காய்ந்த விதை, காகிதக் கவர், மேலே பெயரும் வருஷமும், அடியில் கொஞ்சம் சாம்பல், இறுக்கமான மூடி. பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூலையில் இருந்தால் போதும். வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டும் இதைப் பெட்டியில் ஒளித்து எடுத்துப் போகாதீர்கள். ஆஸ்திரேலியாவில் அறிவிக்காமல் கொண்டுபோனால் பறிமுதலோடு அபராதமும் உண்டு. அமெரிக்காவில் சிறிய அளவு விதைக்கு முன்கூட்டி அனுமதி வாங்க வழி இருக்கிறது, அதைக் கேட்டுச் செய்யுங்கள். உள்ளூரில் கொடுக்கல் வாங்கலுக்குத் தடை ஒன்றுமில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பகிரவும் மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. பதிவு செய்த ரகத்தைப் பிராண்ட் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பரணைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரியவர்களிடம் விதையோடு மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த மாதம் போடுவது, எதை விதைக்கு விடுவது, அதை வைத்து என்ன குழம்பு வைப்பது.

என்னிடம் இந்த வருஷத்துக் குண்டு மிளகாய் வற்றல் அரைப் பாட்டில் இருக்கிறது. ஜீவனஹள்ளிப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் ஆளுக்கு நாலு பழம் தருகிறேன். காசு வேண்டாம். அடுத்த வருஷம் இரண்டு வீட்டுக்காவது கொடுக்க வேண்டும், என் செடி பட்டுப்போனால் எனக்கும் நாலு தர வேண்டும்.